செவிலியர்கள் ஏன் நிற்பதில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் எண்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையை நிர்வகிக்கிறேன். படிப்பை முடித்து வரும் செவிலியர்களுக்கு ஐசியூ வேலையை நாங்கள்தான் கற்றுத்தருகிறோம். கை தேர்ந்ததும் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் வளைகுடா. அரசு நிரந்தரமாகாதவர்களுக்குத் தரும் தொகுப்பூதியம் (மாதம் ஒரே மொத்தத் தொகை) எங்கள் சம்பளத்தைவிடப் பெரிதாக அதிகமும் இல்லை. இரண்டாண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கியும் பயனில்லை. விசுவாசம் என்பதே போய்விட்டதா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

விசுவாசத்தைச் சம்பளச் சீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கைப் பேசுவோம்.

2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு மூலம் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். அதற்கும் தனியார் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாண்டில் பணி நிரந்தரம் என்ற பேச்சுதான் இழுத்தது. நிரந்தரமானால் காலமுறை ஊதியம், அதாவது படிகளும் ஆண்டு உயர்வும் சேர்ந்த சம்பளம் உண்டு. இன்றைய நிலையில் ஓராண்டு மகப்பேறு விடுப்பும் உண்டு. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது சிறிய விஷயமா?

அரசு அந்தப் பேச்சைக் காப்பாற்றியதா என்றால், இல்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் அரசு மருத்துவத் துறையின் தலைமை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ஊதியம் 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 2,400 பேரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்துபோனது. இத்தனையும் தெரிந்தே உங்களிடமிருந்து அங்கே போகிறார்கள். விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட மத்திய அரசுக் குழு 2016-இல் ஒரு பரிந்துரை தந்தது. ஐம்பது முதல் நூறு படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில், செவிலியர் ஊதியம் மாநில அரசு ஊதியத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பதுக்கும் கீழே உள்ள சிறிய மருத்துவமனையிலேயே குறைந்தது 20,000. கேரளத்தில் செவிலியர்கள் தெருவில் இறங்கியதால் 2018-இல் அந்த 20,000 அரசாணையாகவே வந்தது. நீங்கள் ஒப்பிட வேண்டியது அரசின் நிரந்தர ஊதியத்தோடு. தொகுப்பூதியத்தோடு ஒப்பிட்டுத் திருப்தி அடைகிறீர்கள். நீங்கள் தரும் தொகையைக் கடிதத்தில் எங்கும் காணோம்!

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் கேட்பது இரண்டாண்டு அனுபவம். நீங்கள் கட்டிவைப்பதும் இரண்டாண்டு. அவர்களுக்கு வேண்டிய ஆளை நீங்களே நாள் குறித்துத் தயாரித்து அனுப்புகிறீர்கள். (அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடகுக் கடை வேலை அது.)

மூன்றாம் ஆண்டில் ஒரு ஐசியூ செவிலியருக்கு உங்களிடம் என்ன சம்பளம், மாதத்தில் எத்தனை இரவுப் பணி, பிரசவத்துக்குப் பிறகு அதே வேலை திரும்பக் கிடைக்குமா? இந்த மூன்றையும் பணியில் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். ஓராண்டு கழித்து எத்தனை பேர் நின்றார்கள் என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.