பாரிஸ் பெரிஃபெரிக்கில் கேரவனுடன்: ஏன் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்?

கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை, இழுத்துக்கொண்டு பிரான்சில் பயணிக்கும்போது, பாரிஸ் நகரைச் சுற்றும் பெரிஃபெரிக் சாலையில் எல்லோரும் ஏன் ஹாரன் அடித்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வட்டச்சாலையில் வலப்பக்கத்திலிருந்து நுழையும் வண்டிக்கே முன்னுரிமை என்பதால், கடைசி வலத் தடத்திலேயே ஒட்டிச் சென்ற உங்களைப் பார்த்து ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஹாரன் அடித்ததில் வியப்பில்லை. பிரான்சின் மற்ற நெடுஞ்சாலைகளில் நுழைபவர்தான் காத்திருக்க வேண்டும். இங்கு அது தலைகீழ்.

வலமிருந்து இரண்டாவது தடத்தில் செல்லுங்கள். காரும் கேரவனும் சேர்ந்து 7 மீட்டரைத் தாண்டினால், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள சாலையில் வலப்பக்க இரண்டு தடங்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது சட்டம். பெரிஃபெரிக்கில் வேக வரம்பு 2024 அக்டோபர் முதல் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். கேரவனுக்கு இது நல்லதே.

ஆனால் கலேயிலிருந்து லியோனுக்குச் செல்லும் நீங்கள் அங்கே போகவே தேவையில்லை. ஜிபிஎஸ் இன்னும் உங்களைத் தனிக் கார் என்றே எண்ணிக்கொண்டிருக்கலாம். அமைப்பில் கேரவனின் உயரமும் நீளமும் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். பிறகு ஏ1 சாலையில் ருவாசி விமான நிலையத்தை ஒட்டி ஏ104-க்குத் திரும்பி, ஃபிரான்சிலியென் என்ற வெளிவட்டச் சாலை வழியாகக் கிழக்கே சுற்றி ஏ5 அல்லது ஏ6-ஐப் பிடிக்குமாறு பாதையை அமையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெரிஃபெரிக்குக்கும் ஃபிரான்சிலியெனுக்கும் இடைப்பட்ட வட்டமான ஏ86-ஐ முழுமையாக நம்ப வேண்டாம். அதன் மேற்குச் சுரங்கத்தில் உயர வரம்பு 2 மீட்டர், கேரவன் நுழையாது. ஃபிரான்சிலியெனிலும் வேலைநாள் காலையில் நெரிசல் உண்டு, ஆகவே பத்தரை மணிக்குப் பிறகு அங்கு சேருமாறு கிளம்புங்கள்.