பார்த்தால் காளான், ஆனால் பூச்செடி!

கேள்வி: வால்பாறைப் பக்கம் ஒரு சோலைக்காட்டில், மரத்தடியில், இலையே இல்லாமல் சிவப்பாகக் குண்டுத் தலையோடு நாலைந்து முளைத்திருந்தன. நான் காளான் என்றேன், கூட வந்த வழிகாட்டி பூச்செடி என்கிறார். எங்கள் ஊர்ப் புற்றுக்காளானுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் வைக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வழிகாட்டி சொன்னதுதான் சரி. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பலனோஃபோரா. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் மரவேரைப் பிடித்து வாழும் ஒட்டுண்ணிப் பூச்செடி. பச்சையம் துளியும் கிடையாது, அதனால் சொந்தச் சமையலும் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மரத்தின் வேரோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர், சர்க்கரை எல்லாவற்றையும் அங்கிருந்தே இழுத்துக்கொள்கிறது, கிழங்கை வெட்டினால் மரத்தின் திசு எது, இதன் திசு எது என்று பிரிக்கவே முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கும்.

அந்தக் குண்டுத் தலையைத்தான் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அது ஒரே பூ இல்லை, பூக்களின் கூட்டம். ஆண் தலையில் பூக்கள் தனித்தனியாக விரிந்து மகரந்தத்தோடு வெறும் கண்ணுக்கே தெரியும். பெண் தலை வெல்வெட் துணி போலிருக்கும். அதில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருந்தாலும் லென்ஸ் இல்லாமல் ஒன்றையும் பிரித்தறிய முடியாது, பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறிய பூக்களில் இவையும் சேர்த்தி. தண்டில் செதில் செதிலாக இருப்பவைதான் இலைகள்.

புற்றுக்காளானில் பூவும் இல்லை, விதையும் இல்லை. குடையைத் திருப்பினால் அடியில் மெல்லிய மடிப்புகள், விதைக்குப் பதிலாகக் காளான் பரவ உதவும் வித்துத்தூள் (ஸ்போர்) அங்கேதான் உண்டாகிறது. காம்பு வால் மாதிரி நீண்டு மண்ணுக்குள் கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகும். கறையான் மரத்தூளையும் சருகையும் கொண்டுவந்து போடுகிறது, பூஞ்சை அதை மக்கவைத்துக் கறையானுக்கே உணவாக்குகிறது, ஆக இரண்டு பேருக்கும் லாபம். பலனோஃபோராவால் மரத்துக்கு அப்படி எந்த லாபமும் தெரியவில்லை.

அப்புறம், காளான் பூஞ்சை இனம், பூஞ்சை தாவரமே கிடையாது. 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர், தாவர உலகம், விலங்கு உலகம் என்பதுபோல அதற்குத் தனி உலகமே ஒதுக்கினார். அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். உறவுமுறையில் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம்.

தொட்டி யோசனையை விட்டுவிடுங்கள். வேரிலிருந்து பிரித்தால் பட்டுப்போகும், அதோடு காப்பகக் காட்டில் அனுமதியில்லாமல் எதையும் பிடுங்குவது குற்றம். அடுத்த முறை தலையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள், ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிறேன்.