வலிக்காத பித்தவெடிப்பு

கால் அரிப்பு சிறுநீரகக் கோளாறின் அறிகுறி என்று செல்போனில் பார்த்துவிட்டு, அப்படித்தானா என்று கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். "குதிகாலில் ரத்தம் கசிகிற அளவுக்கு வெடிப்பு, நல்லவேளை, வலியே இல்லை" என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 12 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறவருக்கு அது நல்லவேளை இல்லை அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான்.

ரத்தம் கசியும் வெடிப்பு என்றால் தரையில் கால் வைத்ததுமே சுரீரென்று இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் பாதத்து நரம்பு மரத்துப்போயிருக்கலாம். சர்க்கரையால் நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வையும் குறைந்துவிடும். தோல் காய்ந்து, தடித்து, பாளமாக வெடிக்கும். அதனால் பழி முழுவதையும் குன்னூர்ப் பனிமேல் போட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை வீட்டில் இருப்பவர் ஒருவர் ஆள்காட்டி விரலால் மாற்றி மாற்றித் தொடட்டும். ஓரிரு விநாடி லேசாகத் தொட்டால் போதும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். எல்லாம் தெரிந்தாலும் இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் பாதத்தைக் காட்டியாக வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் 'மோனோஃபிலமென்ட்' என்ற நைலான் இழையால் தொட்டுப் பார்த்து, பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்ப்பார்.

வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, அந்த இடம் சுடுகிறது, வீங்குகிறது, சீழ் அல்லது நாற்றம் வருகிறது, தோல் கறுக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் வாரக் கணக்கு பார்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே உள்ளே புரையோடும். காரணம் தெரியாமல் சர்க்கரை அளவு எகிறினாலும் காலைப் பாருங்கள்.

இப்போது செய்துகொண்டிருப்பதில் பாதியை நிறுத்துங்கள். கல்லுப்பு போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் கால் ஊறவைப்பது வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ராத்திரி ஹீட்டர் பக்கத்தில் கால் நீட்டுவதும், வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுப்பதும் அப்படித்தான். பிளேடால் தோலைச் சீவுவதைப் பற்றி என்ன சொல்ல! காலாணிக்கு ஒட்டுகிற கார்ன் கேப் பட்டையும் கூடாது. அதில் இருக்கும் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் வேண்டாம். காலைத் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிடத்துக்குள், 10 சதவீத யூரியா கிரீம் தடவுங்கள். குதிகாலுக்கு ராத்திரியில் 20 அல்லது 25 சதவீதம், அதன்மேல் பருத்திச் சாக்ஸ். வெடிப்பு திறந்திருக்கும் இடத்தில் யூரியா எரியும். அது மூடும்வரை அங்கே வெறும் வாசலின் போதும். விரல் இடுக்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அதுவே கிருமிக்கு வாசல். தேங்காய் எண்ணெயை விட மனமில்லையென்றால் கணுக்காலுக்கு மேலே ஈரத்தோடு தடவிக்கொள்ளுங்கள். தடித்த குதிகாலுக்கு அது போதாது.

பின்பக்கம் திறந்த செருப்பில் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கும். மூடிவரும் வெடிப்பு மறுபடி பிளக்கும். பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் அதையே போடுங்கள்.

அரிப்புக்கு வருகிறேன். முழங்காலுக்குக் கீழே மீன் செதில் மாதிரி வெள்ளையாக உரிவது பனிக்கால வறட்சி. கிரீம் தடவினால் ஓரிரு வாரத்தில் அடங்கும். சோரியாசிஸ் இல்லை. சிறுநீரகத்தால் வரும் அரிப்பு பெரும்பாலும் அது நன்றாகக் கெட்ட பிறகு வருவது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் சர்க்கரை உள்ள எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை. இந்த வருடம் பார்க்கவில்லையென்றால் பாருங்கள். பதில் லேபில் கிடைக்கும், செல்போனில் கிடைக்காது. வீட்டில் மற்றவர்களும் ராத்திரியில் கைவிரல் இடுக்கைச் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு, வைத்தியம் வேறு.

மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த 'எல்லாவற்றுக்குமான' டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோலை மெலிய வைக்கும், படை இருந்தால் அதை மறைத்து வளர்க்கும். இனித் தடவாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். போகும்போது புதுச் செருப்பு வேண்டாம், தினமும் போடுகிறதையே போட்டுக்கொண்டு போங்கள். அது தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் பாதத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று அவருக்குத் தெரியும்.