வருமானம் கூடினால் குடும்பச் செலவும் அதே அளவுக்குக் கூடுமா?

கூடும், ஆனால் அதே அளவுக்கு இல்லை. கையில் கூடுதலாக நூறு ரூபாய் வந்தால் அதில் ஒரு பங்குதான் செலவாகும், மிச்சம் சேமிப்புக்குப் போகும் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936-லேயே எழுதிவிட்டார். பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில் பார்த்தால், எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்படி வருகிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மழையானால் பெரும்பாலும் வேலை இல்லை, இங்கே மழைக்காலமோ இரண்டு, போதாததற்கு இலை உதிரும் சமயத்திலும் வெட்டு நிற்கும். நல்ல மாதத்தில் நாலு காசு அதிகம் வந்தாலும் அது கடைப்பற்றுக்கும் சீட்டுக்கும் பணயத்தில் (அடகில்) கிடக்கிற நகையைத் திருப்பவும்தான் போகும். குளச்சலில் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம், அதற்காக வீட்டில் அரிசி வாங்காமல் இருக்க முடியுமா? திரும்பவும் நகை பணயத்துக்குப் போகும். வருடக் கணக்கில் இவர்கள் அளவுக்கே சம்பாதிக்கிற ஒரு கிளார்க் தைரியமாகத் தவணையில் பைக் எடுப்பார், ஏனென்றால் அடுத்த மாதச் சம்பளம் நிச்சயம். இந்த மாதம் வந்ததை வைத்து இல்லை, நிலையாக வரும் என்று நம்புகிற வருமானத்தை வைத்துத்தான் மக்கள் செலவழிக்கிறார்கள் என்று 1957-ல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்னது இதைத்தான்.

அப்புறம், எதற்குச் செலவாகிறது என்பதும் மாறும். வருமானம் ஏற ஏறச் சாப்பாட்டின் பங்கு குறையும் என்பது 1857-ல் ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் கண்ட விதி. இந்தியக் கிராமங்களில் 1999-2000-ல் குடும்பச் செலவில் சுமார் 59 சதவீதம் உணவுக்குப் போனது, 2023-24-ல் சுமார் 47. பங்குதான் குறையும், தொகை குறையாது: மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீனும் வாங்கிய வீட்டில் நெய்மீன் வரும், பேக்கரிப் பலகாரம் வரும்.

வெளிநாட்டுக் காசு வந்தால் எங்கள் ஊரில் முதலில் எழும்புவது மாடி வீடு. வேடிக்கை என்னவென்றால், தேசியக் கணக்கில் அது நுகர்வே இல்லை, முதலீடு.

ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், போகிற வீட்டில் மாத வருமானத்தை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். விசைப்படகில் போகிறவர் வீட்டுக்கு ஜூலையில் போனால் வருமானமே இல்லாமல் செலவு மட்டும் இருக்கும். ஒரு வருடக் கணக்கைக் கேளுங்கள், சீட்டையும் பணயத்தையும் சேர்த்து.