ஐந்து நிபுணர்கள், ஒரே நிறுவனம்: வாசகர் கேள்வி – பதில்

தனித்தனியாகத் தொழில் செய்யும் பொறியாளர்கள், டிசைனர்கள், ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து, எல்லோருக்கும் உரிமையுள்ள நிறுவனம் தொடங்குவது பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

நான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர். எலெக்ட்ரிகல், பிளம்பிங், இன்டீரியர் பார்ப்பவர்கள், எஸ்டிமேட் போடுபவர் என ஐந்து பேர் பல வேலைகளைச் சேர்ந்தே செய்கிறோம்; பில் மட்டும் தனித்தனி. ஒரே நிறுவனமாக மாற நினைக்கிறோம். யாரும் யாருக்கும் முதலாளியாக இருக்கக் கூடாது. எப்படிப் பதிவு செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் நிலைக்குப் பொருத்தமானது 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படியான எல்.எல்.பி., அதாவது பங்குதாரர்களின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஓட்டு பங்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வருமானம் குறைவாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். ஐந்து பேரைக் கொண்டு கூட்டுறவுச் சங்கம் பதிய முடியாது. ‘புரொட்யூசர் கம்பெனி’ விவசாயிகள், நெசவாளர்கள், கைவினைஞர்கள் போன்ற உற்பத்தியாளர்களுக்கானது. சாதாரண பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் பட்ட கடனுக்கு மற்ற நால்வரின் வீடும் நகையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஐவரில் ஒருவர் கட்டடத்தின் பலத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் என்பதால் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எல்.எல்.பி.க்குக் குறைந்தது 2 பேர் போதும். அவர்களில் இருவர் ‘டெசிக்னேட்டட் பார்ட்னர்’, அதாவது சட்டப்படியான தாக்கல்களுக்குப் பொறுப்பாளிகள். டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, ‘ஃபில்லிப்’ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விரும்பும் பெயரில் ஏற்கெனவே டிரேட்மார்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே தேடிப் பாருங்கள். பெயரால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் நிறைய. பதிவான 30 நாளுக்குள் பங்குதாரர் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, படிவம் 3-இல் ஏற்ற வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மே 30-க்குள் படிவம் 11 (ஆண்டறிக்கை), அக்டோபர் 30-க்குள் படிவம் 8 (கணக்கறிக்கை). தொழிலே நடக்காத ஆண்டிலும் இவற்றைத் தாக்கல் செய்தாக வேண்டும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ, பங்குதாரர்கள் போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டினால்தான் எல்.எல்.பி. சட்டப்படி ஆடிட்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒப்பந்தம் எதைச் சொல்லாமல் விடுகிறதோ, அங்கே சட்டத்தின் முதல் அட்டவணை வந்து உட்கார்ந்துகொள்ளும். அது சொல்வது: லாபமும் நஷ்டமும் சமபங்கு, ஆளுக்கு ஓர் ஓட்டு, உழைப்புக்குத் தனிச் சம்பளம் கிடையாது, பெரும்பான்மை சேர்ந்து ஒருவரை நீக்க முடியாது. இவை உங்களுக்குச் சம்மதமா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்த பிறகு கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. எல்.எல்.பி. மற்ற நால்வரைக் காப்பாற்றும். உங்கள் கணக்கீட்டில் தவறு நேர்ந்தால் உங்களைக் காப்பாற்றாது. ஒரு பங்குதாரரின் சொந்தத் தவறுக்கு அவரே நேரடிப் பொறுப்பு. நிறுவனமும் சேர்ந்து பொறுப்பாகும். அதனால் ‘புரொஃபஷனல் இண்டெம்னிட்டி’ காப்பீட்டை நிறுவனத்தின் பெயரிலும் உங்கள் பெயரிலும் எடுங்கள். பிரீமியம் பொதுச் செலவில் போகட்டும்.

எல்லோரும் சமம் என்றுதான் ஆரம்பித்தோம். ஆனால் வேலை பிடித்து வருபவர் ஒருவர், இரவு பகலாக உழைப்பவர் இன்னொருவர். பணத்தை எப்படிப் பிரிப்பது?
– வாசகி, மதுரை

உரிமை சமமாக இருக்கட்டும். ஓட்டும் சமமாக இருக்கட்டும். வருமானத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நல்ல கூட்டணிகள் இரண்டாம் ஆண்டில் முறிகின்றன.

ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம். ஒரு கம்பெனி 6,00,000 ரூபாய்க்கு வேலை தருகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,08,000. கம்பெனி 10 சதவீத டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்தால் 60,000 குறையும். வங்கிக்கு வருவது 6,48,000. இதில் 1,08,000 உங்கள் பணமே அல்ல. அது வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாறிவிட வேண்டும். பிடித்த 60,000-க்கான வரவு நிறுவனத்தின் பெயரில் நிற்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் பயன்படும். ஆக, பில் தொகை 6 லட்சம் என்று பேசினாலும் இப்போது கையில் புரள்வது 5,40,000. இதைக் கணக்கில் கொள்ளாமல் 6 லட்சத்தையும் பிரித்துக்கொண்டவர்கள்தான் ஜி.எஸ்.டி. கட்டும் 20-ஆம் தேதி திண்டாடுகிறார்கள்.

பிரிப்புக்கு நாங்கள் சொல்லும் முறை இது. கையில் இருக்கும் 5,40,000-இல் 15 சதவீதம், 81,000 ரூபாய், பொதுவுக்கு: வாடகை, மென்பொருள், ஆடிட்டர், காப்பீடு, கையிருப்பு. வேலையைக் கொண்டுவந்தவருக்கு 10 சதவீதம், 54,000. மீதி 4,05,000 உழைத்தவர்களுக்கு. ஸ்ட்ரக்சரல் 40 புள்ளி, எலெக்ட்ரிகல் 20, பிளம்பிங் 15, இன்டீரியர் 15, எஸ்டிமேட் 10 என்று வைத்தால் முறையே 1,62,000, 81,000, 60,750, 60,750, 40,500. புள்ளிகளை வேலை தொடங்கும் முன்பே, கொட்டேஷன் அனுப்பும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். முடிந்த பிறகு பேசினால் ஒவ்வொருவருக்கும் தன் உழைப்பு மட்டும்தான் நினைவில் இருக்கும். பாதியில் வேலை பெருகினால் புள்ளியைத் திருத்தலாம். அதற்கும் எழுத்து வேண்டும். பணம் தவணையாக வந்தால் அதே விகிதத்தில் தவணையாகவே பிரியுங்கள். யாருக்கும் முன்பணம் வேண்டாம்.

இதில் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். முதலாவது, வேலை பிடித்தவரின் 10 சதவீதம். காலவரம்பு இல்லாவிட்டால் அது நிரந்தரக் கப்பமாகிவிடும். புது வாடிக்கையாளரின் முதல் வேலைக்கு மட்டும் அல்லது முதல் 12 மாதத்துக்கு மட்டும் என்று வையுங்கள். அதன்பின் அந்த வாடிக்கையாளர் எல்லோருக்கும் பொது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேலை. பாக்கி வசூல், டெண்டர் எழுதுவது, ஆடிட்டருக்குக் கணக்குத் தொகுப்பது எல்லாம் பொறுமைசாலி ஒருவர் தலையில் விழும். அதற்கு மணிக்கு இவ்வளவு என்று விலை வைத்து, பொதுப் பங்கிலிருந்து கொடுங்கள். அப்படிக் கொடுக்காவிட்டால் முதலில் வெளியேறுபவர் அவர்தான்.

ஆண்டு முடிவில் பொதுக் கணக்கில் மிஞ்சுவதை, மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு சேரும்வரை தொடாதீர்கள். அதன்பின் மிஞ்சுவதைச் சமமாகப் பிரிக்கலாம். சமபங்குக்கு உரிய இடம் அதுதான்.

தனியாக இருக்கும்போது வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டுகிறேன்; கணக்குப் புத்தகம் தேவையில்லை. எல்.எல்.பி.க்குப் போனால் அந்தச் சலுகை என்ன ஆகும்?
– வாசகர், சென்னை

போய்விடும். அந்தச் சலுகை, பொறியியல், கட்டடக்கலை, இன்டீரியர், சட்டம், மருத்துவம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில், ஆண்டு வரவு 50 லட்சம் வரை உள்ள தனிநபருக்கும் சாதாரண பார்ட்னர்ஷிப்புக்கும் உண்டு. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. எல்.எல்.பி.க்குக் கிடையாது.

எல்.எல்.பி. லாபத்துக்கு 30 சதவீத வரி. செஸ் சேர்த்து 31.2. பங்குதாரர் சம்பளத்தைக் கழித்த பிறகுதான் இந்த வரி. எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு: லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது, அதற்கு மேல் 60 சதவீதம். சம்பளத்துக்கு முந்தைய லாபம் 20 லட்சம் என்றால் 5,40,000 + 8,40,000 = 13,80,000 கழிக்கலாம். மீதி 6,20,000-க்கு வரி 1,93,440. வரி போக மிஞ்சுவதை லாபப் பங்காக எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி இல்லை. சம்பளத்துக்கு உங்கள் தனிக் கணக்கில் வரி உண்டு. 2025 ஏப்ரல் முதல், பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமோ வட்டியோ கமிஷனோ போனால், நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டவும் வேண்டும்.

சம்பளத் தொகையோ, அதைக் கணக்கிடும் சூத்திரமோ ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மார்ச் மாதம் உட்கார்ந்து, கடந்த ஏப்ரலுக்கும் சேர்த்து எழுதினால் செல்லாது. ‘சம்பளம் வேண்டாம், நானே நிறுவனத்துக்குப் பில் போடுகிறேன்’ என்ற வழியும் உதவாது. பங்குதாரருக்கு எந்தப் பெயரில் கொடுத்தாலும் அந்த வரம்புக்குள்தான் பார்ப்பார்கள்.

ஆகவே, ஐவரும் சேர்ந்து செய்யும் வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்றுதான் என்றால் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு வாடிக்கையாளரிடம் தனித்தனியே பில் போடும் கூட்டு வேலை ஒப்பந்தத்தில் தொடங்குங்கள். அதில் லாபத்தைப் பொதுவில் சேர்த்துப் பிரிக்காதீர்கள். சேர்ந்து தொழில் நடத்தி லாபம் பிரித்தாலே, பத்திரம் இல்லாவிட்டாலும், 1932 சட்டத்தின் கண்ணில் நீங்கள் பார்ட்னர்ஷிப் ஆகிவிடலாம். பதியாத பார்ட்னர்ஷிப்புக்குக் கடன் பொறுப்பு முழுமையாக உண்டு. ஆனால் பாக்கிக்காக வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது.

நாங்கள் கிராஃபிக் டிசைனர்களும் ஓவியர்களும். கூட்டாகச் செய்த படைப்பின் உரிமை யாருக்கு? ஒருவர் பிரிந்துபோனால்?
– வாசகி, புதுச்சேரி

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஊழியர் வேலைக்காகப் படைத்தது முதலாளிக்குச் சேரும் என்ற விதிவிலக்கு இதில் உண்டு. ஆனால் பங்குதாரர் ஊழியர் அல்ல. எனவே எழுத்தில் மாற்றித் தராதவரை, நீங்கள் வரைந்தது நிறுவனத்தின் சொத்தாகாது. வாடிக்கையாளருக்கு ‘முழு உரிமை தருகிறோம்’ என்று நிறுவனம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த உரிமையே தன்னிடம் இல்லாமல் நிற்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, என்ன தொகை என்று எல்லாம் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வேறு விதமாக எழுதாதவரை, வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் ‘உலகம் முழுவதும்’ என்பதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. 1947-இல் கார்ட்டியே-பிரெஸ்ஸோன், ராபர்ட் காப்பா உள்ளிட்ட புகைப்படக் கலைஞர்கள் தொடங்கிய மேக்னம் நிறுவனம், உரிமையைப் படம் எடுத்தவரிடமே விட்டுவைத்தது. பத்திரிகைக்குப் படத்தை விற்றால் அதோடு உரிமையும் போய்விடும் நிலையை மாற்றத்தான் அவர்கள் கூடினார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு: வாடிக்கையாளருக்காகச் செய்தது நிறுவனம் வழியாகப் போகட்டும், சொந்தப் படைப்பு அவரவருக்கே. எழுத்துரு, டெம்ப்ளேட் போன்ற பொதுக் கருவிகளை, பிரிந்துபோகிறவரும் இருப்பவர்களும் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு அருகிலேயே உங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு மற்ற ஓவியர்களும் சிற்பிகளும் 1966-இல் உருவாக்கிய சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம். பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் சேர்ந்து செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். பொது வருமானம் கைவினையிலிருந்து வந்தது. ஓவியம் அவரவர் விருப்பப்படி நடந்தது. படைப்பாளிகள் கூடும் எந்த அமைப்புக்கும் இந்தப் பிரிவினையை நாங்கள் மனமாரப் பரிந்துரைப்போம்.

எங்கள் எல்.எல்.பி.யிலிருந்து விலக நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் விலகல் பற்றி ஒரு வரிகூட இல்லை.
– வாசகர், திருச்சி

30 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து விலகலாம். நீங்கள் போட்ட முதலும், அன்றுவரை சேர்ந்த லாபத்தில் நஷ்டம் போக உங்கள் பங்கும் உங்களுக்குச் சேர வேண்டும். விலகியதை 30 நாளுக்குள் படிவம் 4-இல் பதிய வைத்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் விடாதீர்கள். பதிவாளருக்கோ, தொடர்புடையவருக்கோ தகவல் போகாதவரை, வெளியாருக்கு நீங்கள் இன்னும் பங்குதாரர்தான்.

புதிதாக எழுதுபவர்கள் சேர்க்க வேண்டியவை: அறிவிப்புக் காலம் 90 நாள், நடக்கும் வேலைகளுக்கு முடித்த புள்ளி அளவுக்குப் பணம், பங்குத் தொகை 12 மாதத் தவணையில். ஒரே மாதத்தில் கேட்டால் சிறு நிறுவனம் தாங்காது. நீக்குவதற்கு, சம்பந்தப்பட்டவர் தவிர மற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் சம்மதமும், விளக்கம் கேட்கும் கடிதமும். பங்குதாரர் இறந்தால் வாரிசுக்குப் பணம் சேரும், ஓட்டு சேராது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். இருவர் மட்டும் உள்ள எல்.எல்.பி.யில் ஒருவர் போனால், மற்றவர் 6 மாதத்துக்குள் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். அதைத் தாண்டித் தெரிந்தே தனியாக நடத்தினால், அந்தக் காலத்துக் கடன்களுக்கு அவரே நேரடிப் பொறுப்பாவார்.

எங்கள் குழுவில் ஒரு வக்கீலையும் பங்குதாரராகச் சேர்க்கலாமா?
– வாசகர், சேலம்

முடியாது. வக்கீல் அல்லாதவரோடு கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. அவரைப் பங்குதாரராக்காமல், அவர் செய்யும் வேலைக்குக் கட்டணம் கொடுத்து ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் இருந்தாலும் அவருடைய இன்ஸ்டிடியூட் விதிகளைப் பார்க்காமல் பெயரைச் சேர்க்காதீர்கள். பங்குதாரர்கள் அனைவரும் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட்டுகளாக இல்லாதபோது நிறுவனப் பெயரில் ‘ஆர்க்கிடெக்ட்ஸ்’ என்று போடுவதும் 1972 சட்டப்படி சிக்கல்தான்.