ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன், எந்த வீட்டில் தங்குவது?

கேள்வி: எனக்கு வயது 23. ஸ்பானிஷ் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலை முடித்திருக்கிறேன். ஜனவரியில் நான்கு மாதப் படிப்புக்காக ஸ்பெயினில் உள்ள சலமாங்காவுக்குப் போகிறேன். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கலாம், மாணவர் விடுதியில் சேரலாம், இல்லையென்றால் ஃப்ளாட்டில் அறை எடுக்கலாம் என்கிறது பள்ளி. சென்னையிலிருந்து வரும் இரண்டு பெண்கள் தங்கள் ஃப்ளாட்டில் என்னையும் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அப்பாவுக்கு அதுதான் நிம்மதி. நாங்கள் சைவம். தோழியோ பார்சிலோனாவுக்குப் போ என்கிறாள். குழப்பமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அன்பு மகளே, முதல் இரண்டு மாதம் ஸ்பானியக் குடும்பத்தோடு தங்கு. அதன் பிறகு ஃப்ளாட்டுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

உன் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் செட்டிநாட்டு ஐயாக்கள் வட்டித் தொழிலுக்காகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது, கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில்தான் தங்கினார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே சமையல்காரர். படுக்கையும் பெட்டியும் கணக்கும் ஒரே இடத்தில். அந்தத் தொழிலுக்கு அந்தக் கட்டுக்கோப்பு தேவைப்பட்டது. நீ போவது மொழிக்காக. மூன்று தமிழ்ப் பெண்கள் சேர்ந்து குடியிருக்கும் ஃப்ளாட்டும் ஒரு கிட்டங்கிதான். வகுப்பில் நான்கைந்து மணி நேரம் ஸ்பானிஷ், வீடு திரும்பினால் ரசமும் தமிழும் என்றாகிவிடும். ஏ2 படித்தவளுக்கு இலக்கணம் ஓரளவு கைவந்திருக்கும், காதுதான் இன்னும் பழகியிருக்காது.

நான் அதே ஊரில் மூன்று மாதம் ஒரு வீட்டில் தங்கிப் படித்தவள். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், அதுதான் பெரிய சாப்பாடு. இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது, பத்து ஆகிவிடும். மதியம் தட்டுகளை எடுத்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். காபியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். அதற்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, சோப்ரேமேசா. நாம் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கிக்கொண்ட மேசை, ஸ்பானிஷிலும் மேசாதான். அந்த மேசையில் வீட்டம்மா பக்கத்து வீட்டுச் சண்டையை விவரித்தபோதுதான் எனக்கு இறந்தகால வினைகள் பிடிபட்டன. அதனால் மூன்று வேளையும் வேண்டாம், இரண்டு வேளை போதும் என்று முடிவு செய்தால் மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

இனி சைவம். இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். 'கார்னே', அதாவது இறைச்சி, சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால், பன்றித் தொடைக்கறியான ஹமோனையும் டூனா மீனையும் அதில் சேர்க்காதவர்கள் அங்கே நிறையப் பேர். முதல் வாரம் எனக்குப் பருப்பு வைத்தார்கள். ஆசையாகக் கரண்டியைப் போட்டேன். மேலே சிவப்பு எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. சொரீஸோ என்ற பன்றிக்கறித் துண்டுகளைப் போட்டு வேகவைத்து, எனக்காக அவற்றை மட்டும் எடுத்துவிட்டிருந்தார் அந்த அம்மா. அவர் மனதில் கள்ளம் இல்லை, நான் சொன்ன விதம்தான் போதவில்லை. நீ இப்படிச் சொல்: 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ.' இறைச்சி, கோழி, ஹமோன், மீன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். கறி போட்டு வேகவைத்த சாறும் ஆகாது என்பதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடு. முட்டை சாப்பிடுவாய் என்றால் கவலையே இல்லை, தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு முட்டை அடை எல்லா வீட்டிலும் உண்டு. கொண்டைக்கடலையும் நன்றாகச் சமைப்பார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் சிலவற்றைக் கேள். அந்த வீட்டில் வேறு எத்தனை மாணவர்கள், அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள்? நான்கு வெளிநாட்டு மாணவர்களை வைத்திருக்கும் வீடு பெயருக்குத்தான் குடும்பம், சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம்தான் ஓடும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கணப்பு எந்த நேரத்தில் போடுவார்கள்? சலமாங்கா ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் உறைபனி விழும், தேவகோட்டை உடம்புக்கு அது லேசுப்பட்டதல்ல. வீடு ஒத்துவராவிட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. என்னோடு படித்த ஒருத்தி அதை வாங்காமல் போய், சன்னல் இல்லாத அறையில் ஆறு வாரம் தவித்தாள்.

விடுதி பாதுகாப்பானது, படிக்கவும் வசதி. ஆனால் விடுதியில் யார் அதிகம் என்று விசாரித்துக்கொள். உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் நிறைந்தது என்றால் நல்லது, வெளிநாட்டவர் மட்டும் என்றால் வேண்டாம்.

பார்சிலோனா அழகான ஊர்தான். ஆனால் அங்கே கத்தலானும் ஆட்சிமொழி. பல வீடுகளில் சாப்பாட்டு மேசையில் அதைத்தான் பேசுவார்கள். உனக்கு இப்போது 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், தெருவெல்லாம் ஸ்பானிஷும், எங்கும் நடந்தே போகும் தூரமும் உள்ள சலமாங்காதான் சரி.

நான்கு மாதம் என்றால் 90 நாளைத் தாண்டுகிறது, ஆகவே மாணவர் விசா வேண்டும். அதற்குத் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். எனவே ஏற்பாட்டைப் பள்ளி வழியாகவே செய். பிற்பாடு ஃப்ளாட்டில் அறை தேடும்போது 'பிஸோ கொம்பார்தீதோ' (பகிர்ந்து தங்கும் ஃப்ளாட்) என்று தேடு, ஸ்பானியப் பெண்கள் இருக்கும் வீடாகப் பார். அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. சென்னைப் பெண்களை விட்டுவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சாம்பார் வை. அந்தத் தோழமையும் உனக்கு வேண்டும்.

வீட்டம்மாவுக்குப் பரிசாக நம் ஊர்ப் பனையோலைக் கொட்டான் ஒன்று எடுத்துப் போ. இதில் என்ன வைப்பீர்கள், யார் பின்னினார்கள் என்று முதல் நாளே கேட்பார். பதிலை இங்கேயே ஸ்பானிஷில் எழுதி, நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் புறப்படு.