கண்ணாடி ஏறவில்லை, மழை மட்டும் இறங்குகிறது

கேள்வி: 2009 மாடல் பிக்கப், பவர் விண்டோ. டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. விடிகாலை மூன்று மணிக்குக் காய்கறி ஏற்றப் போக வேண்டும், மழை வேறு. கையால் ஏற்ற முடியுமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: முடியும், ஆனால் முதலில் காதைக் கதவில் வையுங்கள். சாவியைப் போட்டு சுவிட்சை அழுத்தினால் உர்ரென்று சத்தம் வந்தும் கண்ணாடி அசையவில்லையா? கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் கிளிப் விட்டிருக்கும். கண்ணாடியின் உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்து அமுக்கிப் பிடித்து மேலே இழுங்கள், வரும். வந்ததும் விட்டுவிடாமல் கண்ணாடிக்கும் பீடிங் ரப்பருக்கும் நடுவே சின்ன மர ஆப்பைச் செருகி, மேலே பிரேமோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள்.

சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் சுவிட்சை அழுத்தியபடியே கதவின் கீழ்ப்பாகத்தில் உள்ளங்கையால் நாலு தட்டு. கார்பன் பிரஷ் ஒட்டிக்கொண்ட மோட்டார் சில நேரம் அதிலேயே முழித்துக்கொள்ளும். முழிக்காத மோட்டாரோடு கண்ணாடியை இழுத்து மல்லுக்கட்டாதீர்கள், அதன் திருகுப் பல் பின்பக்கம் சுற்றாது. டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, இரண்டு வயர் மோட்டாராக இருந்தால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயரில் நேராகக் கரண்ட் கொடுங்கள். கண்ணாடி இறங்கினால் வயரை மாற்றிக் கொடுங்கள், ஏறும். கத்தரி போல மடங்கும் ரெகுலேட்டர் என்றால் மோட்டாரை மட்டும் கழற்றாதீர்கள். ஸ்பிரிங் விரலைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் மோட்டார் 300 ரூபாய் குறைவாம். வாங்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: வாங்குங்கள். அப்புறம் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: 2,800 ரூபாய் மோட்டார் பத்து நாளில் புகைந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். ஓட்டிப் பிழைக்கும் வண்டி. (தாராபுரம் வாசகர்)

பதில்: இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரப்பர் ஸ்டாம்பு குத்திவிட்டால் சட்டம் ஆகிவிடுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தராததும் அதே பட்டியலில்தான். 'வண்டி வியாபாரத்துக்கு, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று அடுத்து ஆரம்பிப்பார்கள். சொந்தப் பிழைப்புக்கு வாங்கியது அந்த வியாபாரக் கணக்கில் சேராது. உங்கள் பத்து நாள் கணக்கு பலமாகவே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். புகைந்த மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணே, அதுதான் சாட்சி.

கேள்வி: பழைய வண்டி வாங்கி ஒரு வாரம். மூன்று கண்ணாடி இறங்கவில்லை. விற்றவர் சொல்லவே இல்லை. (சேலம் வாசகர்)

பதில்: நாலு சுவிட்சை அழுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி? திட்டுகிற தகுதி எனக்கும் இல்லைதான். 'ஏசி ஓடுது சார், கண்ணாடியை இறக்காதீங்க' என்று அன்பாகச் சொன்ன ஒருவரிடம் நானும் வண்டி வாங்கினேன். முதல் டோல்கேட்டில் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே ஊன்றிப் பணம் கொடுத்தேன். பின்னால் பத்து வண்டி ஹாரன்.